வியாழக்கிழமைக்கு ஒரு கட்டம்

இன்று காலை கைப்பையில் மூக்குக்கண்ணாடியைத் தேடினேன். நான்காய் மடித்த செய்தித்தாள் ஒன்று அகப்பட்டது. பிரித்ததும் ஸ்பிரிட் வாசனை. நாம் கடைசியாகப் போட்ட சுடோகு. எல்லாக் கட்டமும் நிரம்பி, கீழ் வரிசையில் ஒன்றே ஒன்று மட்டும் காலி. அதில் நாலுதான் வரும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்துதான் விட்டு வைத்தோம்.

மயிலாப்பூர் டயாலிசிஸ் அறையில் நீ பக்கத்துப் படுக்கைக்கு வந்த நாளில் எனக்கு உன்னைப் பிடிக்கவில்லை. ஓயாமல் பேசினாய். பெரும்பாக்கத்திலிருந்து பஸ் மாறி வருகிறவளுக்கு இவ்வளவு தெம்பு எங்கிருந்து வருகிறது என்று எரிச்சலாக இருந்தது. கோபாலபுரத்திலிருந்து ஆட்டோவில் வந்தே நான் அரை உயிராகக் கிடப்பேன். யார் மூத்தவள் என்று நாம் கேட்டுக்கொண்டதேயில்லை. நீ என்னை அக்கா என்றாய். நானும் பதவியை விட்டுக்கொடுக்கவில்லை.

"மெஷின் ஓடுற வரிக்கும் மோட்டுவளையவே பாத்துக்கினு இருப்பியா? இதுல இன்னா கீதுன்னு பாருக்கா" என்று பேப்பரை நீட்டினாய். உனக்கு வலக்கையில் ஊசி, எனக்கு இடக்கையில். அதனால் நீ சொல்வாய், நான் எழுதுவேன். சிஸ்டர் நடுவிலிருந்த திரையை ஒதுக்கிக் கட்டிவிட்டுப் போவாள்.

இருவருமே அரைகுறை. குறுக்கு வரிசையிலும் நெடுக்கு வரிசையிலும் ஒரே எண் இரண்டு முறை வரக்கூடாது, அவ்வளவுதான் நமக்கு விளங்கியிருந்தது. நிரப்பி முடித்து மறுமுறை விடையோடு ஒத்துப் பார்த்தால் ஒன்றும் சேராது. "பேப்பர்காரன் தூங்கிக்கினே போட்டுட்டான்கா" என்பாய். வாரக்கணக்கில் அந்த முகம் தெரியாத மனிதனைத் திட்டினோம். ஒருநாள் சிஸ்டர் எட்டிப் பார்த்து, "இந்தத் தடிச்ச கோடெல்லாம் எதுக்குன்னு நெனச்சீங்க?" என்றாள். "அழகுக்குப் போட்டுக்கீறான்னு நெனச்சோம்" என்றாய் நீ. மூன்றுக்கு மூன்றாக ஒன்பது பெட்டிகள்; ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒன்றிலிருந்து ஒன்பது வரை ஒரு தடவைதான் வரலாமாம். சிரித்த சிரிப்பில் கை அசைந்து என் மெஷின் கத்தியது.

பிறகு பிடிபட்டது. அதிகம் நிரம்பியிருக்கும் பெட்டியில் தொடங்க வேண்டும். ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு, அது வர முடியாத இடங்களை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனால் மிஞ்சுகிற கட்டம் அதற்கு. ஆனால் நான் அவசரக்குடுக்கை. இருக்கலாம் என்று தோன்றினாலே எழுதிவிடுவேன். ஒரு தப்பு எண் மற்ற எல்லாவற்றையும் கெடுத்துவிடும். "தோணுதுன்னு எய்தாதக்கா. வேற எங்கயும் போவ முடியாதுன்னு ஆவட்டும், அப்பால எய்து" என்பாய்.

ஒருநாள் நான் உடைந்துபோனேன். "அலுத்துப் போச்சுடி. இந்த வாரத்தோட இந்த மெஷின நிறுத்திடலாம்னு இருக்கேன்." நீ ஆறுதல் சொல்லவில்லை. இடக்கையை நீட்டி என் பேனாவைப் பிடுங்கிக்கொண்டாய். கடைசிக் கட்டம் பாக்கியிருந்தது.

"இந்த ஒண்ண வுட்டு வை. திங்கக்கெயம வந்து போடு. பாதில வுட்டுட்டுப் போறவளா நீ?"

அன்று முதல் திங்களும் வியாழனும் அதுவே வழக்கமாயிற்று. வந்ததும் முதல் வேலை, போன தடவை விட்ட கட்டத்தை நிரப்புவது. கிளம்பும்முன் கடைசி வேலை, புதிதில் ஒரு கட்டத்தை விடுவது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ போய்விட்டாய். மறுநாள் உன் படுக்கையில் புது விரிப்பு. சிஸ்டர் சொன்னதும் வாய்விட்டு அழுதேன். பேப்பரைத் தொடவில்லை. வியாழனன்று போகவேயில்லை. போதும் என்று மகளிடம் சொன்னேன். அவள் என் வீங்கிய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்று அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்தபோது அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. உன்மேல், என்மேல், எல்லார்மேலும். "ஆட்டோவைக் கூப்பிடு" என்று மகளிடம் சொன்னேன்.

போனதும் சிஸ்டர் நன்றாகத் திட்டினாள். வாங்கிக்கொண்டேன். ஊசி ஏறியதும் நம் கட்டத்தில் நாலைப் போட்டேன். எண் கோணலாக விழுந்தது. இருக்கட்டும்.

உன் படுக்கையில் ஒரு புதிய அம்மாள், மோட்டுவளையைப் பார்த்தபடி. இன்றைய பேப்பரை அவர் பக்கம் நீட்டினேன். "இதுல கணக்கெல்லாம் இல்லைங்க. ஒண்ணுலேர்ந்து ஒம்பது வரைக்கும் தெரிஞ்சா போதும். இந்தத் தடிச்ச கோட்ட மட்டும் மறந்துடாதீங்க." முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம் ஒரு எண் சொன்னார். நான் எழுதினேன்.

ஊசியை எடுக்க சிஸ்டர் வந்தபோது ஒரு கட்டம்தான் பாக்கி. பேனாவை மூடினேன்.

"அதுல ரெண்டுதானே வரும்? ஏன் விட்டுட்டீங்க?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"அது வியாழக்கிழமைக்கு" என்றேன்.