முதற்கிளி கொணர்ந்த ஓலை

மழை தவறாது பொழிக, பொய்கை நீர் என்றும் குளிர்க. வினாவும் விடையும் தம் வெண்குடை நிழலில் வாழச் செய்யும் முகிலூர்ப் பெருந்தேவியாரின் ஆணையைத் தலைமேற்கொண்டு, ஓலை அமைச்சர் இளஞ்சாத்தன், வினாமண்டபத்துக் கிளிகாவல் தலைவர் பெருங்கண்ணனார்க்கு விடுக்கும் திருமுகம். நுமக்கும் நும் மனையார்க்கும் நும் கிளிகள் அனைத்திற்கும் நலம் பெருகுக. கிளிகளைப் பற்றித்தான் இனிப் பேச்செல்லாம்.

பனிப்பொய்கையின் கீழ்க்கரையில் அல்லியங்கோதை என்றொருத்தி இருக்கிறாள். எந்த அவையையும் எந்த வணிக மனையையும் சாராமல், தன் வீட்டிலிருந்தே ஓலை எழுதிப் பிழைப்பவள். நம் நாட்டு வழக்கம் நீர் அறியாததன்று. ஐயம் கொண்டவர் மண்டபத்து வாயிலில் நின்று கேட்க, கிளிகள் மூடுபனிக்குள் பறந்து, ஓலைத்தட்டுகளைத் தேடித் தக்கதைக் கவ்வி வருகின்றன. முதற்கிளி கொணர்ந்ததைப் படித்துவிட்டு மக்கள் நடையைக் கட்டுகிறார்கள். இரண்டாம் கிளிக்குக் காத்திருக்க இங்கே எவருக்குப் பொறுமை இருக்கிறது? எவருடைய ஓலை முதலில் வந்ததோ, அவர் வாசற்கலத்தில் அக்கிளியே அரண்மனை நெற்கதிர் ஒன்றை இட்டுச் செல்கிறது. அந்தக் கதிர்தான் அல்லிக்குச் சோறு.

ஆனால் கிளிகள் எந்த ஓலையை மெச்ச வேண்டும் என்று பழக்குகிறவர் நீர். நினைத்தபோது மாற்றுகிறீர், மாற்றியதை ஒருவருக்கும் சொல்வதில்லை. முன்பு கிளிகள் நீண்ட ஓலையையே விரும்பின. அவளும் என்ன செய்வாள், பாவம்! ஓடத்து ஓட்டையை அடைப்பது எப்படி என்று கேட்டவனுக்குக் கடல் பிறந்த கதையிலிருந்து தொடங்கினாள். அவன் அடைக்கும் வழிக்கு வந்து சேர்வதற்குள் ஓடம் மூழ்கியே போயிருக்கும். பின்பு, கேட்டவர் சொல்லையே வரிக்கு வரி அடுக்கிய ஓலை கிளிகளுக்குப் பிடித்தது. அவளும் ஓடம், ஓடம் என்று எழுதிக் கை சோர்ந்தாள். கிளிக்கு எழுதி எழுதி மனிதர்க்கு எழுத மறந்துவிட்டேன் என்று தன் தோழியிடம் சொல்லி அழுதாளாம்.

இந்தக் கார்காலத்தில் மறுபடியும் மாற்றினீர். பெருமனைகளின் முத்திரை பதித்த ஓலையே மேல் என்று கற்பித்தீர். உடனே கற்பூரம் விற்கும் மனையார் ஓடத்துறை பற்றி ஓலை எழுதினார்கள். எழுதினார்கள் என்பதும் மிகை. அல்லியின் பழைய ஓலையைப் பார்த்துப் படியெடுத்து முத்திரை குத்தினார்கள். அவள் ஓலைகள் கடைசித் தட்டுக்குப் போயின. விடியலில் எழுந்து அவள் வானத்தைப் பார்ப்பாள். பச்சைச் சிறகுகள் பனியில் தோன்றும், மெல்லக் கூரையைக் கடக்கும், கற்பூர மனைப் பக்கம் போய்க் கரையும். கலத்தில் பனிநீர் மட்டும் தேங்கியிருக்கும். என் வாசலை அறிந்த கிளிகளுக்கு என்ன ஆயிற்று, நான் செய்த பிழை என்ன என்று தன்னையே கேட்டுக்கொள்வாள். பிழை ஒன்றும் இல்லை ஐயா, அதுதான் கொடுமை!

எமக்கு இதெல்லாம் தெரியவந்ததை வெட்கத்தை விட்டுச் சொல்கிறோம். அரசியார் பணியாகக் கீழ்க்கரை செல்ல, பனிவேளையில் பொய்கையைக் கடக்கும் வழியைக் கிளியிடம் கேட்டோம். முத்திரை ஓலை வந்தது. அதன்படியே போனோம். வெள்ளத்தில் மணல் இடம் மாறிய செய்தி அவ்வோலைக்குத் தெரியாது; ஓடம் திட்டில் ஏறி நின்றுவிட்டது. கரையில்லை, வானமில்லை, எங்கும் வெண்மை. துடுப்பின் ஓசைகூடக் கனவில் கேட்பது போலிருந்தது. பட்டாடை நனைய நனைய யாம் கூவிய கூவல் ஓர் அமைச்சர்க்கு அழகன்று.

அப்போது பனிக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் வந்தது. நாணல் இடப்புறம் இருக்கட்டும், ஆழத்தால் தண்ணீர் கறுக்கும் வரை பின்னால் தள்ளுங்கள், பிறகு என் குரலை நோக்கி வாருங்கள் என்று நிதானமாகச் சொல்லிற்று. கரையேறிப் பார்த்தால் அல்லி நின்றாள், கையில் ஓலையோடு. வெள்ளம் வடிந்தபின் அவளே பொய்கையைச் சுற்றிப் பார்த்துப் புதிதாக எழுதிய ஓலை அது. இதைத் தட்டில் வைப்பதற்கென்ன என்று அதட்டினோம். வச்சிருக்கேன் ஐயா, உங்க கிளிதான் அந்தப் பக்கமே வரமாட்டேங்குது என்று தன் கரைப்பேச்சிலேயே பதில் சொன்னாள். யாம் கரையிலேயே அமர்ந்து அவள் கதை முழுவதையும் கேட்டோம்.

வரும் முழுநிலவுக்குள் ஒரு கதிராவது விழாவிட்டால், எழுதுவதை விட்டதற்கு அடையாளமாக வாசற்கலத்தைக் கவிழ்த்துவிட்டு உப்பளத்து வேலைக்குப் போய்விடுவாள். கவிழ்த்த கலத்தின் ஓலைகளை எரித்துவிட வேண்டும் என்பது நும் மண்டபத்தார் வகுத்த விதி. பிறகு அந்தப் பொய்கையைப் பற்றி முத்திரை மட்டுமே பேசும். எண்ணிப் பாரும், பெருங்கண்ணனாரே.

ஆகவே ஆணையிடுகிறோம். இனிக் கிளிகளின் பழக்கத்தை மாற்றுமுன் எழுதுவோர் அறியப் பறை அறைவிக்கவும். முத்திரையை விட்டு ஓலையைப் பார்க்கக் கிளிகளைப் பழக்கவும். அது நிறைவேறும் வரை, நீரே நாள்தோறும் ஓடமேறிக் கீழ்க்கரைக்கு வந்து, அல்லியின் கலம் நிமிர்ந்திருக்கிறதா என்று பார்த்துத் திரும்பவும். வழியை முதற்கிளியிடம் கேட்டுக்கொள்க; அது கொணரும் ஓலையன்றி வேறெதையும் நம்பி ஓடம் செலுத்தலாகாது.

ஈரம் உலராத ஆடையோடு சொல்லி எழுதுவித்தோம். பெருந்தேவியாரின் நாரை இலச்சினை இதற்குச் சான்று. மணலில் சிக்கி நீர் கூவினால் குரல் கொடுக்குமாறு அல்லியிடம் வேண்டியிருக்கிறோம். கரையில் இருக்கும் வரை கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.