நார்மன் வைத்துவிட்டு வந்த கல்

விட்பி,
ஞாயிறு மாலை.

அன்பு மகள் ஜில்லியனுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன், முழங்கால்தான் மழை வருமுன்னே சேதி சொல்லிவிடுகிறது. அங்கே இப்போது குளிர்காலம், நீயும் மாப்பிள்ளையும் குட்டி ஆலியும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும், அதுதான் எனக்குக் கவலை.

வீட்டை விற்றுவிட்டு நியூசிலாந்துக்கே வந்துவிடு என்று நீ கேட்டாய், அப்பாவின் கல்லைக் கடலில் போட்டபிறகு சொல்கிறேன் என்றேன். சாக்கு என்று நினைத்திருப்பாய், பாதி அதுதான். மேற்குக் கடலில் பூட்ஸை நனைத்து, ஒரு கூழாங்கல்லைப் பொறுக்கிக்கொண்டு, நாட்டின் குறுக்கே நடந்து வந்து நம் கிழக்குக் கடலில் எறிவதுதானே அந்த நடையின் வழக்கம். அப்பாவும் நானும் நார்மனும் அவர் மனைவி பெரிலும் கோடைக்குக் கோடை கொஞ்சம் கொஞ்சமாக நடந்தோம், மூர் என்கிற கடைசிப் புதர்மேடு மட்டும் பாக்கி இருக்கையில் அவர் போய்விட்டார். அன்றிலிருந்து அவர் பொறுக்கிய கல் சமையலறை ஜன்னலில்தான் கிடந்தது, பாத்திரம் கழுவும்போதெல்லாம் அதோடுதான் எனக்குப் பேச்சு.

நேற்று அந்த மிச்சத்தை மூவரும் நடந்தோம். ஹெதர் செடிகள் பூத்து மேடெல்லாம் ஊதாவாகக் கிடந்தது, காற்று தொப்பியைப் பிடுங்கியது. பெரில் முட்டை சாண்ட்விச்சும் ஃப்ளாஸ்க்கில் தேநீரும் கொண்டுவந்திருந்தாள். வழியில் நின்ற ஆடுகளைப் பார்த்ததும் அப்பா ஞாபகம்தான், ஒவ்வொன்றுக்கும் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்லாமல் நகர மாட்டாரே. நீ சின்னவளாக இருந்தபோது ராபின் ஹூட்ஸ் பே கடற்கரைக்குப் போனால் பாதி நாள் மழைதான், கார் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து கடலே தெரியாது, கடலைப் பார்க்க வந்தோம் என்று சொல்லிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்து சிப்ஸ் தின்போம். அந்த வினிகர் வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது ஜில், அந்த நாட்கள் வேண்டும் போல் இருந்தது.

மேட்டு உச்சியில் என் பூட்ஸ் கயிறு அவிழ்ந்தது. கட்டி முடிக்கும்வரை வைத்திரு என்று கல்லை நார்மனிடம் கொடுத்தேன். பிறகு பேச்சு சுவாரசியத்தில் அப்படியே நடந்துவிட்டோம். கீழே இறங்கி, அலை காலைத் தொட்டதும் கையை நீட்டினேன். நார்மன் எல்லாப் பையையும் தட்டிப் பார்த்தார், முகம் வெளுத்துவிட்டது. உச்சியில் இருக்கும் கற்குவியலைக் கடக்கிறவர்கள் ஆளுக்கொரு கல் வைப்பார்கள் அல்லவா, பழகிய கை, இதையும் வைத்துவிட்டு வந்திருக்கிறது. பெரில் விடுவாளா.

“கையில எதைக் குடுத்தாலும் இந்த மனுசன் இப்படித்தான். என்னைக் குடுத்திருந்தா என்னையும் அங்கேயே வச்சுட்டு வந்திருப்பாரு.”

திரும்ப ஏறிப்போய் எடுத்து வருகிறேன் என்றார் நார்மன். அத்தனை கல்லில் எது அப்பா கல் என்று யார் கண்டது. எனக்கு ஒரு நிமிடம் கோபம்தான். அப்புறம் ஒன்று தோன்றியது. உன் அப்பா என்றைக்காவது கணுக்காலுக்கு மேல் கடலில் இறங்கியிருக்கிறாரா? மேட்டைவிட்டு இறங்கத்தான் அவருக்கு மனசே வராது.

“விடு நார்மன், அவருக்குத் தண்ணின்னாலே ஆகாது. நல்ல இடத்துலதான் வச்சிருக்க” என்றேன். சொல்லி முடித்ததும் அழுதுவிட்டேன், அவர்களும் அழுதார்கள். பிறகு பப்பில் மீனும் சிப்ஸும் சாப்பிட்டோம், நார்மன் மட்டும் சரியாகச் சாப்பிடவில்லை. அவருக்கு நீ இரண்டு வரி எழுதிப் போடு, பாவம்.

வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் காலைச் சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. ஆலியை வெறுங்காலோடு வெளியே விடாதே. நீங்கள் எல்லோரும் நீண்ட ஆயுளோடு நிறைவாக இருக்க வேண்டும்.

உன் வீட்டுக்குக் கிட்டத்தில் இருக்கிற கடல் எது என்று மறக்காமல் எழுது. நேற்று அங்கிருந்து கிளம்புமுன் நம் கடலோரத்தில் ஒரு கல் பொறுக்கினேன், கழுவி ஜன்னலில் வைத்திருக்கிறேன். அங்கே வந்து நானே எறிவேன், வழியில் யார் கையிலும் கொடுக்க மாட்டேன்.

என்றும் உன் அன்புள்ள அம்மா,
டோரீன்