பசியாறிவிட்டுக் கொடுத்த ரத்தம்

அடியே, கைப்பைக்குள் உன் மாத்திரை டப்பா கடகடக்கிறது. செலண்டார் கிளினிக் வாசலில் நின்றுகொண்டே எழுதுகிறேன், வீடு போய்ச் சேரும்வரை பொறுமை இல்லை. ஆறு புள்ளி எட்டு! மூன்று மாதச் சர்க்கரை அளவு ஆறு புள்ளி எட்டு! டாக்டர் ஒரு மாத்திரையைக் குறைத்தே விட்டார்.

நம் தில்லுமுல்லு நினைவிருக்கிறதா? குருபோங் கையுறைத் தொழிற்சாலையில் ஒரே லைனில் நின்றோம், இனிப்பு நீர் வியாதியும் இருவருக்கும் ஒரே வருடத்தில் வந்தது. கிளினிக் தேதிக்கு மூன்று நாள் இருக்கும்போது சோற்றை நிறுத்துவோம். அதுவரை மறந்திருந்த மாத்திரையை அந்த மூன்று நாளும் பயபக்தியோடு விழுங்குவோம். நர்ஸ் மிஸ்ஸி விரலில் குத்திப் பார்த்துப் பாராட்டுவார். பத்தாவது நிமிடம் எதிர்க்கடையில் ரொட்டி சானாயும் தேநீரும். "வெரதம் முடிஞ்சிருச்சுலா, தே தாரிக் இனிப்பா ஊத்துங்கண்ணே!" என்று நீ கத்துவாய், கடையே திரும்பிப் பார்க்கும்.

இணையத்தில் வாங்கிய, உடம்பை இளைக்க வைக்கும் காப்பியையும் விட்டோமா? ஆளுக்கொரு கோப்பை குடித்துவிட்டு, வேலை நேரத்தில் மாறி மாறிக் கழிவறைக்கு ஓடியதுதான் மிச்சம்.

மூன்று மாதக் கதையையும் சொல்லிவிடும் ரத்தப் பரிசோதனையை டாக்டர் எழுதிக் கொடுத்து, முடிவு வந்த அன்று இருவரும் கையும் களவுமாகப் பிடிபட்டோம். எனக்கு வெட்கத்தோடு போயிற்று. உனக்கோ சிறுநீரகம் ஏற்கெனவே பழுதாகியிருந்தது.

டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்தபடி இந்த டப்பாவை என் கையில் திணித்தாய். "மிஸ்ஸிய ஏமாத்துனோம்டி, ஒடம்பு ஏமாறல. நீயாச்சும் ஒரு தடவ நல்லா பசியாறிட்டுப் போயி பாஸாயிட்டு வா." இவ்வளவு சீக்கிரம் கண்ணை மூடிவிட்டதற்கு உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

போன வாரம் ரத்தம் எடுக்க மூன்று இட்லி தின்றுவிட்டுத்தான் போனேன், மூன்று மாதப் பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லையே. நம் பழைய மிஸ்ஸி கண்ணைச் சிமிட்டி, "எத்தன நாளு பட்டினி, அக்கா?" என்றார்.

"பசியாறிட்டுதான் வந்தேன் மிஸ்ஸி!" நான் போட்ட சத்தம் கிளினிக் முழுக்கக் கேட்டது. நீதான் கத்துகிறாயோ என்று எனக்கே ஒரு கணம் தோன்றியது.

இன்றுதான் முடிவு வந்தது. பாஸ்டி! ஒரு நாள்கூட ஏமாற்றாமல் பாஸ்!

கிழமைக்கொரு கட்டமாக இருக்கும் இந்த டப்பாவில் வெள்ளிக்கிழமை மூடி உடைந்ததால் ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறேன். புதிது வாங்கச் சொல்கிறாள் மகள், மாட்டேன் என்றுவிட்டேன். நீ பேனாவால் எழுதிய கிழமைகள் இன்னும் அழியவில்லை. இன்று வியாழன். வியாழக்கிழமைக் கட்டம் காலி. மாத்திரையை விழுங்கிவிட்டேனடி.