சாயங்காலம் பேசும் ஆள்

இடைசெவல்,
வெள்ளிக்கிழமை.

மஸ்கட் மாநகரில் ஏ.சி. மெக்கானிக்காகக் கொலுவீற்றிருக்கும் மாப்பிள்ளை தங்கப்பாண்டிக்கு, உன் தாய்மாமன் ஆறுமுகசாமி ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

இதில் வரும் கதையை ஒருத்தனும் நம்பமாட்டான் என்று நம் ஊர் அம்மன் மேல் சத்தியம் செய்கிறேன். நீயும் நம்பாதே. என் நம்பரையும் உன் பெண்டாட்டி முத்துசெல்வி நம்பரையும் நீ பிளாக் பண்ணிவிட்டதால், லீவு முடிந்து திரும்பும் வேல்சாமி கையில் இந்தக் காகிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே கடலைமிட்டாய். அதைப் பிளாக் பண்ண முடியாது.

உன் கோபம் தெரிந்ததுதான். பொங்கலுக்கு வந்தாய், ஒரு மாதம் இருந்தாய், போனாய். நீ வந்து இறங்கி ஏழு வாரம்கூட ஆகாதபோது எடுத்த ஸ்கேனில் எட்டு வாரம் என்று போட்டிருக்கிறது. உடனே, "மாமா, மிச்ச நாளு எங்கிட்டு இருந்து வந்துச்சுன்னு அவகிட்டயே கேளுங்க" என்று எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ். அன்றோடு வாயை மூடிக்கொண்டாய்.

நான் சும்மா இருப்பேனா? துப்பறியக் கிளம்பினேன். முதல் சந்தேகம் கயத்தாறு பஸ் மேல். எவனோ எழுந்துபோன சூடு ஆறுமுன்னே முத்துசெல்வி அந்த சீட்டில் உட்கார்ந்தாளாம். சீட்டுச் சூட்டில் பிள்ளை உண்டாகும் என்றால் அந்த பஸ் இந்நேரம் மூன்று மாவட்டத்தைப் பெற்றுப் போட்டிருக்கும். அடுத்தது மணியாச்சியில் ஒரு ரயில் டிரைவர் பார்த்த பார்வை. அந்தப் பார்வை பட்டதும் கரிசல் காடு முழுக்கப் பருத்தி வெடித்தது, என் கிழட்டுக் கடாவே சினையானது! உன் அம்மாவோ, "நான் கோயில்ல தொட்டில் கட்டுனேம்லா, அதாம்" என்கிறாள். எதிர்வீட்டு வெயிலம்மாள், தான் கொடுத்த மாதுளம்பழம்தான் என்கிறாள். உன்னைத் தவிர எல்லாரும் இந்தப் பிள்ளைக்கு உரிமை கொண்டாடுகிறார்கள்.

மூன்றாவதுதான் மோசம். பல்லைக் கடித்துக்கொண்டு படி. தினமும் சாயங்காலம் குழாயடியில் நின்று முத்துசெல்வி போனில் ஒரு ஆளோடு பேசுகிறாள். தெருவுக்கே கேட்கச் சிரிக்கிறாள். "சாப்டீங்களா? அங்கன வெயிலு ரொம்பவோ? எனக்குப் புளிப்பாத்தான் கேக்குது" என்கிறாள். எனக்கே வயிறு எரிந்தது. முப்பது வருஷத்தில் உன் அத்தை ஒருநாள் என்னை அப்படிக் கேட்டதில்லை. அந்த ஆள் ஏழடி உயரம், அவன் மூச்சு விட்டால் கயத்தாற்றுக் காற்றாலை அத்தனையும் சுற்றும் என்று விசாரணையில் தெரிந்தது.

இப்போது கதையை நிறுத்துகிறேன், நிமிர்ந்து உட்கார். அவளையும் உன் அத்தையையும் கூட்டிக்கொண்டு கோவில்பட்டி டாக்டரம்மாவிடம் போனேன். "பிள்ளை தங்குன நாளு யாருக்கும் சரியாத் தெரியாதுல்லா, அதனால கடைசி மாதவிடாயோட முதல் நாள்ல இருந்துதான் எண்ணுவோம். அதுக்கு ரெண்டு வாரம் போலக் கழிச்சுத்தான் கருமுட்டையே வெளிய வரும். அதோட விந்தணு சேர்ந்தாத்தான் கரு. ஸ்கேன்ல எட்டுன்னா, கரு உண்டாகி ஆறு வாரந்தான்" என்றார். அந்த முதல் இரண்டு வாரமும் வயிற்றில் ஒன்றுமே இருக்காதாம். ஊரிலுள்ள அத்தனை அப்பன்மாருக்கும் இதே கணக்குத்தானாம். நீ மட்டும் அந்த ஒன்றுமில்லாத இரண்டு வாரத்துக்கு ஒரு ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறாய்.

பஸ் சூடு பொய். ரயில் டிரைவர் பொய். கடா பாவம், அது ஆம்பளை. ஏழடி ஆளும் பொய்தான்.

சாயங்காலப் பேச்சு மட்டும் நிஜம். அது யாரென்று பிடிக்க, அவள் போனைக் காதில் வைத்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஒளிந்து நின்று அவள் நம்பருக்கு அடித்தேன். காதில் இருந்த போன் குழாயடியே அதிர ரிங் ஆனது. அந்தப் பக்கம் யாருமே இல்லை, மாப்பிள்ளை. நீ பேசாதது தெருவுக்குத் தெரிந்துவிடக் கூடாதென்று வெறும் போனில் உன்னோடு பேசிக்கொண்டிருக்கிறாள். என்னைக் கண்டதும், உன் அம்மாவுக்குத் தெரிந்துவிடுமே என்று பயந்து, "அத்தைகிட்டச் சொல்லிராதீங்க" என்றாள்.

சொல்லவில்லை. உனக்கு மட்டும் சொல்லுகிறேன். மூன்று பேருமாக நூறு வருஷம் நல்லா இருங்கள். அவள் தினமும் ஆறு மணிக்குக் குழாயடிக்கு வருவாள். ஒரு கேள்விக்காவது பதில் சொல்லப்பா.

உன் மேல் கோபமும் பிரியமும் மாறாத
மாமன் ஆறுமுகசாமி