பார்சல் டீயின் பரிணாமம்

அன்புள்ள அத்தான்,

பூட்டும் கீலும் விற்றுக்கொண்டே பரிணாமம் படித்த ஒரே சாலைக்கடைத் தெரு வியாபாரி நீங்கள். நீங்கள் கண்மூடிய பிறகு கடையில் உங்கள் இடத்தில் நான்தான் உட்கார்ந்திருக்கிறேன். அக்கா நலம். நீங்கள் விட்டுப்போன விளக்கத்தைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைக்கப் போவோமே, கடவுளை நம்பாத நீங்கள்தான் அதிகம் உடைப்பீர்கள். "இது பிள்ளையாருக்கு இல்லடே, பாக்குறவனுக்கு. நட்டப்பட்டு ஒண்ணச் செஞ்சாத்தான் நம்மாளுன்னு கூட்டம் நம்பும். அப்படி ஒட்டிக்கிட்ட கூட்டம்தான் பிழைச்சுது. ஒட்டினவன் வெளியாளப் பாத்து முறைப்பான். அதுதான் இதுல உள்ள கேடு" என்பீர்கள்.

போன மாதம் நம் தெருப் பிள்ளையார் ஊர்வலம் பள்ளிவாசலைக் கடக்கும்போது தள்ளுமுள்ளு. உடைந்தது ஒரு டியூப் லைட். மறுநாள் வியாபாரிகள் சங்கத்தின் வாட்ஸப்பில், எதிர்ச்சாரி நாசர் கடையில் யாரும் டீ குடிக்கக் கூடாதென்று வந்தது. நாசர் அந்தப் பக்கமே இல்லை. தம்பானூரில் மகளை ரயிலேற்றிக்கொண்டிருந்தார்.

சங்கக் கூட்டத்தில் உங்கள் விளக்கத்தை எடுத்துச் சொன்னேன். தெளிவாகவே சொன்னேன், அதுதான் தப்பு. செயலாளரின் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப இது நம்ம ரத்தத்துலயே உள்ளது, அல்லே சாரே? பின்ன நாம என்ன செய்ய?"

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது, அறிவியல் அடிப்படையில். அந்த ஏகமனதில் நானும் உண்டு.

அதற்காக டீயை விடவில்லை. நாசர் கடையின் பின்வாசல் வழியாக பிளாஸ்க்கில் வாங்கிக்கொள்கிறேன். தீர்மானத்துக்கும் பங்கமில்லை, நட்புக்கும் பங்கமில்லை என்று நினைத்தேன். நேற்று அடுப்படியில் நின்றபோது முன்பெஞ்சு தெரிந்தது. நீங்கள் கடைசிவரை உட்கார்ந்த இடம், காலியாகக் கிடந்தது. நாசர் மூடியை இறுக்கிக்கொண்டே, முகம் பார்க்காமல் கேட்டார்:

"அண்ணா, இனி எப்பவும் பார்சல் தன்னே?"

பிளாஸ்க்கை வாங்கிக்கொண்டு பின்வாசல் வழியாகவே வந்துவிட்டேன்.

கூட்டம் ஏன் முறைக்கிறது என்று அவ்வளவு சொன்னீர்கள். உள்ளே இருக்கிறவன் என்ன செய்ய வேண்டும் என்று ஏன் சொல்லாமல் போனீர்கள்? இல்லை, தேங்காயிலேயே சொல்லிவிட்டீர்களா?

நாளைக் காலை, தெருவே ஷட்டர் தூக்கும் நேரத்தில், அந்த முன்பெஞ்சில் உட்கார்ந்து கிளாஸில் டீ குடிப்பேன். நட்டம் வரும், தெரியும். பாக்குறவன் பாக்கட்டும்.

பிளாஸ்க்கை வீட்டில் வைத்துவிட்டுப் புறப்படும்,
உங்கள் மைத்துனன்