என் காதுக்குச் சரியாகத்தான் இருந்தது

மார்ச் 3

மருத்துவமனையில் டோக்கன் எண்ணைக் கூப்பிடும் பெட்டியின் குரலோடு நாள் முழுக்க மல்லுக்கட்டு. இந்தச் சிப்பில் ஒலியளவு எண் தலைகீழ்: பூஜ்யம் வைத்தால் முழுச்சத்தம், எண் ஏற ஏறச் சத்தம் இறங்கும். அது பழகிவிட்டது. ஆனால் குரல் போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரியே இருக்கிறது. கூர்மை வரட்டும் என்று ட்ரெபிளை, அதாவது மேல் ஒலிகளைக் கூட்டும் எண்ணை, நான்கில் வைத்தேன். போதவில்லை. ஏழு. அதற்கு மேல் சிப்பில் இடமில்லை. இப்போது சரி. பதினெட்டு வருடமாக இந்தக் காதை நம்பித்தான் பிழைப்பு.

ராத்திரி வீட்டில் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கும்போது இவர் பின்னால் நின்று ஏதோ சொன்னார். ஆபீஸ் வேலையாக வெளியூர் போகிறார் போல. "நீங்க போயிட்டு வாங்க, எனக்கு வேலை தலைக்கு மேல கெடக்கு" என்றேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

மார்ச் 6

இவருடைய அக்கா இறந்துவிட்டார். நேற்று இவர் போனில் சொன்னது மூன்றே வார்த்தை: "அக்கா போயிட்டாங்க. காலையில." விழுந்தடித்துப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இவரைத் தூக்கி வளர்த்தவர். என்னிடமும் எவ்வளவு பிரியம். இவர் வெளியூர் போனதே அக்காவைப் பார்க்கத்தானாம். அவருக்கு முடியவில்லை என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே? என்னை விட்டுவிட்டுத் தனியாகப் போகும் அளவுக்கு நான் என்ன அந்நியமா?

இவர் என் முகத்தையே பார்க்கவில்லை.

மார்ச் 16

பேச்சே இல்லை. பேசினாலும் வாய்க்குள்ளேயே முனகல். "வாயத் தொறந்துதான் பேசுங்களேன்" என்று கத்திவிட்டேன். தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

மார்ச் 19

ஆபீஸில் சர்க்யூட் போர்டு வடிவமைக்கும் திருகாணி (எதையும் ஒரு சுற்று கூடுதலாக முறுக்குவதால் அந்தப் பெயர்) பெட்டியைக் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டார். "மேடம், இது டோக்கன் கூப்பிடுதா, சூடான கல்லுல தண்ணி தெளிக்குதா?" எல்லோரும் சிரித்தார்கள். ஒலி மீட்டரில் போட்டுப் பார்த்தோம். மேல் ஒலிகள் மலை மாதிரி நிற்கின்றன. பிறகு தனியாக வந்து, "தப்பா நெனைக்காதீங்க, காதை ஒருதடவை காட்டிடுங்க" என்றார்.

மார்ச் 20

திருகாணிக்குத்தான் காது கோளாறு.

மார்ச் 25

காதைக் காட்டினேன். கதவடைத்த சின்ன அறை, ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். வெகுநேரம் ஒன்றுமே வரவில்லை, சோதனை முடிந்தது என்று நினைத்து ஹெட்போனைக் கழற்றினேன். சோதிக்கும் பெண், "இன்னும் சத்தம் ஓடிக்கிட்டுத்தான் இருக்கும்மா" என்றாள்.

ரிப்போர்ட்டில் கோடு இடப்பக்கம், கீழ் ஒலிகளில், ஒழுங்காக வந்து, வலப்பக்கம், மேல் ஒலிகளில், படிக்கட்டு மாதிரி கீழே விழுகிறது. இரண்டு மூன்று வருடமாக இருக்கலாமாம். திரும்பி வராதாம். இத்தனை நாளும் புரியாமலே யார் யாரிடம் "சரி சரி" என்று தலையாட்டினேனோ.

மார்ச் 26

ரிப்போர்ட்டை இவர் முன் வைத்தேன். படித்தார். மறுபடியும் படித்தார். நாற்காலியை என் எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அன்னிக்கு நீ பாத்திரம் தேய்ச்சிட்டிருந்தப்ப நான் சொன்னது கேட்டுச்சா?"

"ஏதோ ஆபீஸ் வேலையா போறீங்கன்னு..."

"டாக்டர் கைய விரிச்சிட்டாரு, அக்கா உன்னையப் பாக்கணும்னு கேக்கறாங்க, வர்றியான்னு கேட்டேன்."

நான் சொன்ன பதில் இரண்டு பேருக்கும் ஞாபகம் இருந்தது.

ஐயோ, என்ன பண்ணிட்டேன் — குழாய மூடிட்டு ஒரே ஒரு தடவை 'என்ன'ன்னு கேட்டிருக்கக் கூடாதா?

ஏப்ரல் 2

ட்ரெபிள் பூஜ்யம். மீட்டர் சரி என்றது, திருகாணியும் சரி என்றார். எனக்கு மந்தமாகத்தான் கேட்டது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ஏப்ரல் 5

அக்கா வீட்டுக்கு இரண்டு பேரும் போனோம். அக்காவின் மகளிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் குனிந்துகொண்டே என்னவோ சொன்னாள். முன்பென்றால் தலையாட்டியிருப்பேன். "கேக்கலைம்மா, இன்னொரு தடவ சொல்லு."

நிமிர்ந்து, குரலை உயர்த்தி, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். "கதவு தொறக்கறப்பெல்லாம் அம்மா நீங்கதான்னு திரும்பித் திரும்பிப் பாத்தாங்க அத்தை."

கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. எனக்கும்.

இவர் எழுந்து போகவில்லை. என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.