நாமாகக் கேட்டுப் போனோம்

தேக்கா சந்தை மாடியில் நம் டைலர் இன்று என் கையில் சீருடைக்கான இரண்டு பெயர்ப்பட்டைகளை வைத்தார். பச்சைத் துணி, கறுப்பு நூல். ஒன்று என்னுடையது, மற்றது உன்னுடையது. “எப்பவும் ரெண்டு பேரும் சேர்ந்துதானே வருவீங்க, அதான் கேக்காமலே தச்சிட்டேன். அவங்க வரலையா?” என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். நீ போய் ஏழு மாதமாகிறது என்று அந்த மனிதரிடம் எந்த வாயால் சொல்வேன்?

கீழே காப்பிக் கடையில் உட்கார்ந்தேன். திங்கட்கிழமை ராணுவப் பயிற்சிக்குப் போக வேண்டும். வேண்டும் என்பதுகூடப் பொய். இங்கே சிங்கப்பூரில் ஆண்பிள்ளைகளுக்குத்தான் தேசிய சேவை கட்டாயம். ஒரே அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்த நம் இருவரையும் யாரும் கூப்பிடவில்லை. முப்பத்தெட்டு வயதில் நாமாகப் போய்த் தொண்டூழியப் படையில் பெயர் கொடுத்தோம். “ரெண்டு புள்ள பெத்தவளுக்குத் துப்பாக்கி கேக்குதா?” என்று உன் அம்மா ஆங் மோ கியோவில் அந்த அடுக்குமாடி புளோக்கே கேட்கும்படி கத்தினார். நீ அசரவில்லை. “என் பையன் ஒரு நாள் போகத்தானே போறான். அது என்னன்னு தெரியாமலே அவன அனுப்பச் சொல்றீங்களா?” என்றாய். எனக்கு அப்படிப் பெரிய காரணமெல்லாம் இல்லை. நீ பெயர் கொடுத்தாய், நானும் கொடுத்தேன்.

ஆனால் உள்ளே போன பிறகு நான்தான் வீம்புக்காரி. முகாமில் பையன்கள் வெயிலைத் திட்டுவார்கள், முதுகு வலி, வயிற்று வலி என்று மருத்துவரிடம் வரிசையில் நிற்பார்கள். நமக்கு மட்டும் அது கௌரவக் குறைச்சல். கேட்டு வாங்கிய பாரம் கனக்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது?

கடைசிப் பயிற்சியின் இரண்டாம் நாள் சாயங்காலம். பக்கத்துக் கட்டிலில் பூட்ஸைக் கழற்றக் குனிந்த நீ, அப்படியே வயிற்றைப் பிடித்துக்கொண்டாய். “ஏய், ரொம்ப வலிக்குதுடி. நாளைக்கு டாக்டர்கிட்ட ரிப்போர்ட் சிக் போகட்டுமா?”

நான் சொன்ன பதில் இதுதான். “பையனுங்கள இழுத்துட்டு வந்தாங்க, அவனுங்க முனகலாம். நாம கேட்டு வந்தவங்க. பொம்பளைங்கன்னா இப்படித்தான்னு சிரிப்பாங்க. பொறுத்துக்கடி, தஹான் பண்ணு லா.”

“சரிடி, தஹான் பண்றேன்” என்று சிரித்தாய். மிச்சப் பத்து நாளும் தாங்கினாய். வீட்டுக்குப் போயும் அதே பழக்கமாகத் தாங்கினாய். டாக்டரிடம் போனபோது கட்டி ஈரல்வரை பரவியிருந்தது. “பத்து நாள்ல ஒன்னும் மாறியிருக்காது அக்கா” என்கிறார் உன் கணவர். மனைவியைப் பறிகொடுத்தவர் எனக்கு ஆறுதல் சொல்கிறார். பாவி நான், அதையும் கேட்டுக்கொண்டு நிற்கிறேன். என்னிடம் எதற்கடி கேட்டாய்? உனக்கு அனுமதி கொடுக்க நான் யார்?

படையிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று மூன்று முறை மின்னஞ்சல் எழுதி அழித்துவிட்டேன். ஒரு வரி போதும், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். விலகினால் நீ பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்ததெல்லாம் வீண் என்றாகிவிடும். போனால் உன் கட்டிலில் வேறொருத்தி படுத்திருப்பாள். இரண்டையும் என்னால் தாங்க முடியவில்லை. தாங்கு என்று உனக்குச் சொன்ன வாய்தான் இது.

பொங்கோலில் என் வீட்டுக்கு ரயிலில் வரும்போது அந்த வேறொருத்தியை நினைத்துக்கொண்டே வந்தேன். அவளும் தானாகக் கேட்டு வந்தவள்தான். அவளுக்கும் எங்கேயாவது வலிக்கும், சொல்ல வெட்கப்படுவாள். பக்கத்துக் கட்டில்காரியிடம்தான் முதலில் கேட்பாள்.

அதனால் போகிறேன். உன் பட்டையை இடது சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். ‘நாளைக்குப் போகட்டுமா’ என்ற உன் கேள்வியும் கூடவே இருக்கிறது. அதற்குப் பதில் சொல்ல இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

நாளைக்கு என்னடி நாளைக்கு, இப்பவே போ. இரு, பூட்ஸ் மாட்டிக்கிட்டு நானே கூட்டிட்டுப் போறேன்.